மகேந்திரன் கழுவிப் பார்த்த களிமண்

மகேந்திரன் போயிட்டான். நேத்து காலைல. மாரடைப்பாம். இன்னைக்கு மதியம் திருக்காட்டுப்பள்ளியில எடுக்கறாங்க.

தஞ்சாவூர்ல ஒரே லேப்ல பிஎச்டி பண்ணோம். பக்கத்துப் பக்கத்து டேபிள்.

அவன் வேலை களிமண் நானோ டியூப்ல. கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்னக் குழாய்ங்க. அதுக்கு மேல பாலிமரை ஒட்டணும். ஒட்டினாத்தான் பிளாஸ்டிக்ல ஒழுங்கா கலக்கும், இல்லேன்னா கட்டி கட்டியா நிக்கும்.

"களிமண் நம்ம வயல்லயே கிடக்கேடா, அதுக்கா தஞ்சாவூர் போற?"ன்னு அவன் அப்பா கேப்பாராம். விவசாயி. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

ஒரு ஐப்பசி... விடாத மழை. கைடு அவசரப்படுத்தினார்னு அந்த ஈரத்துலயே ரியாக்‌ஷன் போட்டான். களிமண்ணையும் பாலிமரையும் சேர்த்துப் பிடிக்க ஊத்தற கெமிக்கலுக்கு ஈரம் ஆகவே ஆகாது. களிமண்ணைப் பிடிக்காம தனக்குள்ளயே ஒட்டிக்கும்.

ஆனா ரிசல்ட் பிரமாதமா வந்துச்சு. கைடு எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துட்டார். பேப்பர் எழுது, தீசிஸ் முடின்னுட்டார்.

இவன் என்னடான்னா, அதை மறுபடி, பாலிமரைக் கரைக்கற டொலுவீன்ல போட்டுக் கழுவிட்டு உக்காந்திருக்கான். பாலிமர் மொத்தமும் கழுவின தண்ணியோட... சாரி, டொலுவீனோட போயிடுச்சு.

"யாருடா உன்னைக் கழுவச் சொன்னா? லூசாடா நீ?"ன்னு கத்தினேன். நிஜமாவே கோவம் எனக்கு.

"ஒட்டவே இல்ல மச்சான். சும்மா மேல படிஞ்சிருந்துச்சு. இதை எப்படி எழுதறது?"ன்னான். நேரா போய் கைடு கிட்டயும் சொல்லிட்டான். அவர் ரொம்ப நாள் இவன்கிட்ட முகம் கொடுத்துப் பேசல.

நாங்கல்லாம் முடிச்சு வேலைக்குப் போயிட்டோம். இவன் வெயில் காலம் வர்ற வரைக்கும் காத்திருந்து, களிமண்ணை நல்லா காயவெச்சு, முதல்லேருந்து பண்ணான். அப்புறம் எத்தனை தடவை கழுவினாலும் பாலிமர் போகல. போன்ல அதைச் சொன்னப்ப கூட அலட்டல் இல்ல. "நிக்குதுடா"ன்னான். அவ்வளவுதான்.

தீசிஸ் போன வருஷம் கொடுத்தான். அடுத்த வாரம் வைவா. அது முடிஞ்சாத்தான் டாக்டர் பட்டம்.

கொஞ்ச நேரம் முன்னாடி அவன் அப்பா போன் பண்ணார். "ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கணும் தம்பி... பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டுக்கலாமாப்பா?"

வைவா முடியாம அப்படிப் போடக்கூடாது. அவன் உயிரோட இருந்தா முதல் ஆளா வந்து தடுப்பான்.

போடுங்கப்பான்னு சொல்லிட்டேன்.

திட்டணும்னா என்னைத் திட்டிக்கோ மகேந்திரா. போயிட்டு வாடா.