தோளில் இருந்த கை

லெஸ்டரிடம் பணக்காரர்கள் விருந்துக்குப் போடும் வால்கோட்டும் பட்டுத்தொப்பியும் சொந்தமாக இருந்தன. அதுதான் அவனைப் பிடித்த சனி. ஹாலிவுட்டில் வால்கோட்டு வைத்திருக்கும் துணை நடிகனுக்கு வேறு வேடமே கிடையாது. பதினோரு வருஷமாக அவன் விருந்துகளில் நின்று, ஏழைக் கதாநாயகன் வழுக்கி விழும்போதெல்லாம் உதட்டைச் சுழித்தான். நாடே வேலையில்லாமல் கிடந்த காலம். பணக்காரன் மூக்குடைபடாமல் எந்தச் சிரிப்புப் படமும் ஓடாது.

கான்சாஸிலிருந்து அவன் அண்ணன் வெர்ன் எழுதினான்: "நம்ம நிலம் ஏலத்துல போச்சு. தியேட்டர்ல உன்னப் பாத்தேன்டா. ஊரே உன்னைப் பாத்து ஊளையிட்டுச்சு. நானும்தான்."

"ஒரே ஒரு தடவ ஜனங்க பக்கம் நிக்கணும், ஓப்பல். வெர்ன் அதப் பாக்கணும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். நாங்கள் ஒரே விடுதி. நானும் கூட்டத்தில் நிற்கிறவள்தான்.

கடைசியில் ஒரு படத்துக்கு ஒட்டுப்போட்ட கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். குடியானவன் வீட்டை வங்கிக்காரன் பறிக்க வருகிறான். ஊர் கூடி மறிக்கிறது. நான் லெஸ்டர் தோளில் கை போட்டு நிற்க வேண்டும். கூட்டத்துக்கு வாயசைப்பு மட்டும்தான். கூச்சலைப் பிறகு சேர்ப்பார்கள். விளக்குகள் வெயிலாகப் பொழிந்தன. காற்றாடி புழுதியைக் கிளப்பியது. அட்டை வீட்டுக்குப் பின்னால் கோதுமை அசைவதுபோல எனக்கே தோன்றியது. லெஸ்டரின் கண்கள் எங்கோ போய்விட்டன.

"அவன் வீட்ட விட்டுருங்கடா!"

லெஸ்டரின் நிஜக் குரல். எல்லாம் நின்றது.

"யார் கத்துனது?" என்றார் உதவி இயக்குநர். "சொல்லலன்னா நாளைக்கு ஒருத்தரும் வர வேணாம்."

காலையிலிருந்து ஓர் ஏழைக்காக உயிரைவிட்ட இருநூறு பேரும் தரையைப் பார்த்தோம். நான், பாவி, அவன் தோளிலிருந்து கையை எடுத்தேன். கத்தியது யாரென்று காட்ட அது போதுமாயிருந்தது. லெஸ்டர் தொப்பியைக் கழற்றி எல்லாருக்கும் தலைசாய்த்துவிட்டு வெளியே நடந்தான். அந்த வாரமே ஊருக்கு ரயிலேறினான்.

அடுத்த வசந்தத்தில் கடிதம் வந்தது.

"படம் இங்க வந்துச்சு, ஓப்பல். அந்தக் காட்சிய அப்படியே வச்சிருக்காங்க. என் வாய் தெறக்குது, என் குரல் மட்டும் இல்ல. பக்கத்துல உக்காந்திருந்த வெர்ன் எனக்காகக் கத்தினான். தோள்ல கை போட்டிருக்காளே, அது யாருன்னு ஊர்ல எல்லாரும் கேட்டாங்க. என் சிநேகிதின்னு சொன்னேன்."