காது குத்துக்கு வந்த ஏரோப்ளேன்

எனக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. குற்றம் என்னுடையதல்ல, மலையுடையது. நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அம்மாவின் தம்பியான என் மாமனோ, கரும்பு நட்டு வெல்லம் காய்ச்சப் போய் மலைக்கு அப்பால் மறையூரிலேயே தங்கிவிட்டவர். மாமன் மடியில் உட்காராமல் எங்களில் யாருக்கும் காதில் கம்பி ஏறாது.

அந்த மாமன் ஒரு தடவை கோயமுத்தூரில் ஏரோப்ளேனைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் அவர் வாயில் வேறு பேச்சே இல்லை. காலையில் கோயமுத்தூரில் பழையசோறு குடித்துவிட்டு ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு மெட்ராஸில் இறங்கிவிடலாமாம். மலையைச் சுற்றி வருவதால்தான் மறையூர் தூரம், நேராகப் பறந்தால் ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புவதற்குள் நம் வாசல் என்றார்.

"உன்ற காது குத்துக்கு அதுலதான் கண்ணு வருவேன்" என்று வேறு சொல்லிவிட்டார். போதாதா எனக்கு! எங்கள் தரிசுக் காட்டில் ஆடு மேய்க்க வந்தவர்களையெல்லாம் ஒரு வாரம் முன்பே விரட்டினேன். ஏரோப்ளேன் இறங்க இடம் வேண்டாமா?

முகூர்த்த நாளில் ஊரெல்லாம் ஒரே ஈரம். முந்தின நாள்வரை விடாத மழை. ஆசாரி தங்கக் கம்பியோடு வந்து உட்கார்ந்துவிட்டார், மாமனைக் காணோம். முகூர்த்தம் முடியப் போகிறதென்று பெரியப்பா பறந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் பந்தலில் இருந்தார்; அவர் மடி போதும் என்றார் பெரியப்பா. அப்படி நடந்தால், கூடப்பிறந்தவன் எட்டிப் பார்க்கவில்லை என்று அம்மாவை ஆயுசுக்கும் குத்திக்காட்டுவார்கள். அவள் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ற தம்பி வந்துருவானுங்க" என்றாள். நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமன் காட்டு வழியாக வந்தார். முழங்கால்வரை சேறு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார், தோளில் வெல்ல மூட்டை. மலையடியில் ஆற்றில் வெள்ளம், வண்டி அக்கரையிலேயே நின்றுவிட்டது என்று அப்பாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். எனக்கு அதெல்லாம் எதற்கு? ஏரோப்ளேன் எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பனங்காட்டுக்கு அந்தாண்ட எறக்கி உட்டுட்டுப் போயிட்டான் கண்ணு."

காலில் ஏன் ரத்தம் என்றேன். குதித்த இடம் முள்ளாம். அடடா, என்ன மாமன் என் மாமன்! நான் வீறிட்டு அழுதது கம்பி ஏறிய வலியால் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுமட்டுமல்ல, ஏரோப்ளேனைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே! சடங்கு முடிந்ததும் அம்மா வெந்நீர் கொண்டுவந்து தம்பியின் கால்களைக் கழுவினாள். அவளும் அழுதாள். அவளுக்கும் ஏரோப்ளேன் பார்க்க ஆசை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும், எரிகிற காதோடு, சக்கரத் தடம் பார்க்கப் பனங்காட்டுக்கு ஓடினேன். ஈர மண்ணில் ஒரே ஒருவருடைய வெறுங்கால் தடம்தான் இருந்தது. ஒரு கால் ஆழமாகவும் ஒரு கால் இழுபட்டும், கண்ணுக்கு எட்டியமட்டும் மலைப் பக்கமாகவே நீண்டு கிடந்தது. இங்கே ஒன்றுமே இல்லையே என்று, அதை மிதித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.