எங்கள் வீட்டுக்கும் ஒரு சிவப்பு

பால்பல் முளைத்தபோதே எனக்குப் பொறாமையும் சேர்ந்து முளைத்துவிட்டது என்று அம்மா சொல்வாள். பல் விழுந்து மறுபடி முளைத்தது. பொறாமை விழவே இல்லை. அது விழாமல் பார்த்துக்கொண்டவள் எதிர்வீட்டு அத்தை மகள். என்னைவிட ஒரே ஒரு மாதம் மூத்தவள். அந்த ஒரு மாதத்துக்காக நான் அவளை மதினி என்று கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தார்கள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, பெயர் சொன்னால் மட்டும் வாயில் அடி விழும்.

செல்லூரில் தறிச்சத்தம் ஓயாத ஒரு சந்து எங்களுடையது. சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன நிறம் காய்ச்சினார்களோ அந்த நிறத்தில் வாசலில் சாக்கடை ஓடும். அப்பா தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் இருந்தார். நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் போகும்போது குடங்களெல்லாம் பின்னால் ஓடி வரும். தண்ணிக்காரர் மகள் என்பது ஒன்றுதான் அவளிடம் இல்லாமல் என்னிடம் இருந்த பெருமை.

அதையும் அவள் விட்டுவைக்கவில்லை. நான் சொல்லப்போகும் கோடைக்கு முந்தின வருடம் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், அது போகட்டும். ஆனால் ஆரஞ்சுப் பழமும் குளுக்கோஸும் வந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாம் திராட்சை வாங்கி வந்தார்கள். என் அப்பாவே அவளைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து, ஆனையூரில் மருந்து கொடுப்பவர் வீட்டுக்கு வாரம் தவறாமல் கூட்டிப்போனார். எனக்கு அந்த வருடம் சளிகூடப் பிடிக்கவில்லை. வயிறெரிய நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் எங்கள் சந்துக்கு வந்தார்கள். தெருவைச் சுத்தமாக்குவதற்கு முன்னால் தெருவின் படத்தைப் போட வேண்டும், அதையும் தெருக்காரர்களே போட வேண்டும் என்றார்கள். காகிதம் கொடுத்தால் பெண்கள் கை நடுங்கியது. "காகிதம் வேண்டாம், கோலமாவே போடுங்க" என்று ஒரு அக்கா சொன்னதும் நடுக்கம் நின்றுவிட்டது. பிள்ளையார் கோயில் முன்னால் இருந்த காலியிடத்தைக் கூட்டி, சாணி தெளித்து, ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் கோலப்பொடியோடு குந்திவிட்டார்கள்.

தெரு போட்டதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். மூலைவீட்டுக்காரி தன் வீட்டை மாடியோடு வரைந்தாள். மாடி அப்போது பேச்சளவில்தான் இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டை இன்னொருத்தி அடியோடு விட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு வேப்பமரத்தை வைத்தாள். எப்படியோ பொழுது ஏறுவதற்குள் எங்கள் சந்து தரையில் வந்து உட்கார்ந்தது. மரத்துக்குப் பச்சை, தண்ணீர்க் குழாய்க்கு நீலம், சாக்கடைக்கும் குப்பைமேட்டுக்கும் கரித்தூள் என்று ஒவ்வொன்றாக நிரம்பியது.

கடைசியாகச் சிவப்பு வந்தது.

"குழாய் வந்த நாள்ல இருந்து வாந்திபேதி, மஞ்சக்காமாலைன்னு யாருக்காச்சும் வந்திருந்தா, அந்த வீட்டுக்கு ஒரு பொட்டு வைக்கணும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, சிவப்புப் பொடித் தட்டை யாரிடம் கொடுத்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதினியார் தட்டை ஏந்திக்கொண்டு, சீர் கொண்டுபோகிறவளைப்போல நடந்து, முதல் பொட்டைத் தன் வீட்டில் வைத்தாள். பிறகு வீடுவீடாகப் பொட்டு விழுந்தது. எங்கள் சிறகில், அதாவது சந்தில் எங்கள் பக்கத்து வரிசையில், முன்வீட்டுக்கு ஒன்று, பின்வீட்டுக்கு ஒன்று. எங்கள் வீடு நடுவில் மூளியாகக் கிடந்தது.

சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்றிருந்த அப்பாவிடம் அக்கா கேட்டாள். "உங்க வீட்டுலண்ணே?"

"எங்க வீட்டுல ஒண்ணுமில்ல" என்றார் அப்பா, கேள்வி முடிவதற்குள்.

எனக்குத் தாங்கவில்லை. "எனக்கு வந்துச்சு! மஞ்சக்காமாலை வந்துச்சு!" என்று கத்தினேன்.

"பொய்யிக்கா. இவளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல" என்றாள் மதினி. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், தட்டில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி எங்கள் வீட்டின்மேல் போட்டேன். "அத்தே! இங்க வந்து ஒங்க மக செஞ்சிருக்கத பாருங்க" என்று அவள் போட்ட கூச்சலில், குழாயடியில் நின்ற அம்மா இடுப்புக் குடத்தோடு வந்துவிட்டாள். நான் முதுகைக் கோயில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மாவின் கை எங்கே விழும் என்று எனக்குத் தெரியும்.

"சின்னப்புள்ள தெரியாம போட்டுட்டா, அழிச்சிடுறேன்மா" என்று அக்கா குனிந்தாள்.

"அழிக்காதம்மா" என்றாள் அம்மா. "அது இருக்கட்டும்."

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "என்ன மதினி இது, ஊரறிய? அண்ணே நிக்கிறாருல்ல?"

"நிக்கட்டும். இம்புட்டு நாளும் வாய மூடிக்கிட்டு இருந்தாச்சு."

அம்மா குடத்தை இறக்கிவைத்தாள். நான் சிதறிவிட்டிருந்த பொடியை விரலால் கூட்டிக்கூட்டி, கோணல் இல்லாமல் வட்டமாக்கினாள். வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு பொட்டுக்கு இவ்வளவு நேரமா என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்பா தன் இரும்புச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வீட்டுப் பொட்டு விழுந்ததும் இடைவெளி அடைபட்டு, எங்கள் சிறகின் சிவப்பெல்லாம் சாக்கடையை ஒட்டி ஒரே வரிசையாகத் தெரிந்தது. அதைக் கண்ட கல்லூரிப் பையன் ஒருவன், குழாய் தரைக்கடியில் எப்படிப் போகிறது என்று அப்பாவைக் கேட்டான். அப்பா தொண்டையைச் செருமினார். இரண்டாவது முறையும் செருமினார்.

"எங்க வாசலுக்கு நேரா, சாக்கடைக்கு அடியில போகுது. அங்கன தோண்டிப் பாருங்க" என்றார். அப்படி ஒரு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் அவரே கடப்பாரையோடு இறங்கினார். துருப்பிடித்துப் பொத்துப்போன குழாய்க்குள் சாயத்தண்ணீர் கசிந்துகொண்டிருந்ததைத் தெருவே வந்து பார்த்தது. சீக்கிரமே குழாயைச் சாக்கடையைவிட்டுத் தள்ளிப் பதித்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, குழிக்குச் சொந்தக்காரி மாதிரி நான்தான் நின்றிருந்தேன்.

எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு பையன் பிறந்திருந்தான் என்பதை நான் பெரிய மனுஷியான பிறகு, திருமங்கலத்தில் மதினிக்குக் கல்யாணம் நடந்த அன்று, அத்தை சொல்லித்தான் அறிந்தேன். குழாய் வந்த முதல் கோடையில், நடை பழகியிருந்த வயதில், ஒரே பகலில் வாந்திபேதியில் போயிருக்கிறான். நான் அப்போது தொட்டிலில் கிடந்தேன். அப்பா திறந்துவிட்ட தண்ணீர் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று, அவன் பேச்சையே வீட்டில் எடுக்காமல் இருந்திருக்கிறார்கள். அந்தப் படம் போட்ட நாளில், என் அம்மா ஏன் பொட்டை அழிக்கவிடவில்லை என்று மதினி நச்சரித்ததால் அவளுக்கு மட்டும் அத்தை அன்று மத்தியானமே சொல்லிவிட்டாளாம். என் அண்ணனைப் பற்றிக்கூட அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. கல்யாண வீடென்றும் பாராமல் எனக்கு அதற்கும் வயிறெரிந்தது.

படம் போட்ட அன்று சாயங்காலம், இதெல்லாம் தெரியாமல், நான் அவளைத் தேடிப்போய்ச் சண்டை இழுத்தேன். "ஒங்க வீட்டுப் பொட்டவிட எங்க வீட்டுப் பொட்டுதான் பெருசு. எங்கம்மாவே வச்சாங்க, தெரியும்ல?" என்றேன். பதிலுக்குப் பதில் கொடுக்காமல் ஒருநாளும் இருந்திராதவள் அன்று என் முகத்தையே பார்த்தாள். அக்கா மிச்சம் கொடுத்திருந்த சிவப்புப் பொடியைக் காகிதத்தோடு என் கையில் வைத்து, "எல்லாத்தையும் நீயே வச்சுக்கடி" என்றாள். அவளாவது, எனக்கு விட்டுக்கொடுப்பதாவது. கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பாள் என்று அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.