கெர்பாவ் ரோட்டில் நான் சொல்லாத கதை

பேயாவது பிசாசாவது என்று சொல்கிற ஆள் நான். சீனர்களின் பேய் மாதமான ஏழாம் மாதத்தில் எங்கள் ஈசூன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே அவர்கள் ஆவிகளுக்குத் தாள் எரித்த சாம்பலை எல்லாரும் சுற்றிப் போவார்கள், நான் செருப்புக் காலோடு மிதித்துக்கொண்டே பஸ் பிடிக்க ஓடுவேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

தேக்கா வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிற ஆட்களை நடக்கவைத்து ஆங்கிலத்தில் பழைய கதை சொல்வது என் வேலை. என்னிடம் ஒரு சின்ன மைக், வருகிறவர்கள் காதில் ஆளுக்கொரு இயர்பீஸ், நான் முணுமுணுத்தாலும் கேட்கும். ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகையும் சேறுமாக இருந்த இடம் இது, இங்கே ஒரு ரோட்டுக்கே கெர்பாவ் என்று பெயர், மலாய் மொழியில் எருமை. இதெல்லாம் உண்மை. ஆனால் உண்மையைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்களே, என்ன செய்ய? ஒருநாள் பஸ்ஸில் வரும்போதே ஒரு கதையைக் கட்டினேன். தொலைந்த எருமைக்கன்றைத் தேடி மழையில் போனவன் குட்டையில் மூழ்கிச் செத்தான், உடம்பு கிடைக்கவே இல்லை. அந்த ரோட்டின் பின்சந்தில் ஒரு சுவரைக் காட்டி, குட்டை இங்கேதான் இருந்தது என்பேன். அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கேட்டுவிட்டுச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

பிறகு யாரோ அந்தக் கதைக்கு ஆதாரம் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை மதியம் என் முதலாளியம்மாவே ஒரு இயர்பீஸை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு வந்து நின்றார். சீனர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, பொய் சொன்னால் மட்டும் உடனே தெரிந்துவிடும். கட்டுக்கதை என்று பிடிபட்டால் வேலை போய்விடும், மகள் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள்.

சந்து வந்ததும் மைக்கை அணைத்தேன். வாயே திறக்காமல் விடுவிடுவென்று சுவரைத் தாண்டி நடந்தேன். பின்னால் காலடிச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் அத்தனை பேரும் சுவருக்கு எதிரே நிற்கிறார்கள், காதில் கையை வைத்துக்கொண்டு, எதையோ உன்னிப்பாகக் கேட்டபடி. நம்பினால் நம்புங்கள், மைக்கை எடுத்துப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது.

முதலாளியம்மா வேகமாக வந்தார். அந்த மாட்டுமணிச் சத்தமும் பெண் குரலும் அருமை, எங்கே பதிவு செய்தாய் என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். தலை தப்பியது. ஆனால் என்ன பெண், என்ன குரல்?

அன்று வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான், பூன் லேயில் இருக்கும் ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஆன்ட்டி, அங்க உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"நீங்கதானம்மா போட்டீங்க?"

"இல்ல ஆன்ட்டி, என் மைக் ஆஃப்ல இருந்துச்சு லா."

அவர் என்னையே பார்த்தார். "விளையாடாதீங்க. மணிச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு பொம்பளை, 'கன்னு வீட்டுக்கு வந்துருச்சு, அவரு எங்க?'ன்னு கேட்டா. ரெண்டு தரம் கேட்டா. யாரைம்மா கேக்குறா?"

பக்கத்தில் வேறொரு குழுவின் மைக் குறுக்கே வந்திருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் கன்று என் கதையில்தானே வரும், அன்றைக்கு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லையே!

முதலாளியம்மா இப்போதும் அந்தச் சத்தத்தைப் போடச் சொல்லி நச்சரிக்கிறார், நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். அந்தச் சந்துப் பக்கம் போவதில்லை, சிராங்கூன் ரோட்டோடு சுற்றிக் கூட்டிப்போகிறேன். ராத்திரி படுத்தால் அந்தக் கேள்விதான். கதைக்காக ஒருவனைக் குட்டையில் தள்ளினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அவனுக்கு நான் பெண்டாட்டி வைக்கவே இல்லை.