ஆறு யன்னல்கள்

சென்ட் லோரன்ட் முதியோர் இல்லத்தில் நான் பராமரித்த ஜேர்மன் மூதாட்டி மெலிந்தவர். வெள்ளைத் தலையை இறுக்கிப் பின்னியிருப்பார். எந்த அறைக்குள் போனாலும் யன்னல்களை விரல்நீட்டி எண்ணுவார். ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

பிரெஞ்சில் சொன்னார்: "அப்பா யூகோஸ்லாவியப் பாராளுமன்றத்தில அங்க இருந்த ஜேர்மன் சனத்துக்காகக் கதைச்சவர். எங்கட மொழியில பள்ளிக்கூடம் வேணும், வெளிச்சத்துக்கு ஆறு யன்னல் வேணும் எண்டு வருசக்கணக்காச் சண்டைபிடிச்சு வாங்கினவர். போர் முடிய, புதுசா ஆட்சிக்கு வந்தவங்கள் ஜேர்மன்காரர் எண்டு எங்களை அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளயே அடைச்சவங்கள். அம்மா செத்தது மூண்டாவது யன்னலுக்குக் கீழ."

"அப்பா என்ன சொன்னவர்?"

"'கூரை ஒழுகேல்லை, பாத்தியோ' எண்டு மட்டும் கேட்டவர்."

யாழ்ப்பாணத்தில் நாங்களும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் அகதிகளாய்க் கிடந்தோம். அதை யார் வாதாடி வாங்கினாரென்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.