ஆயுத பூஜையில் நின்றுபோன கணக்கு

திருவள்ளூரைத் தாண்டியுள்ள பொறியியல் கல்லூரியில் நான் ஆய்வு செய்தபோது, வேதியியல் என்றால் எனக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். சாயக்கழிவின் மூலக்கூறு ஒரு நானோ துகளில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று அது வாரக்கணக்கில் கணக்குப் போடும். நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஆசிட் வாடையே படாமல் என்ன கெமிஸ்ட்ரி என்று வீட்டில் கேலி செய்வார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஆய்வகத்தைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்டவர் கடம்பத்தூரிலிருந்து ரயிலில் வரும் ஓர் அக்கா. ஒப்பந்த ஊழியர். யாராவது ஒரு புகார் சொன்னால் போதும், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிடுவார்கள். அவர் கொண்டுவரும் எலுமிச்சைச் சோற்றில் பாதி எப்போதும் எனக்குத்தான்.

ஆயுத பூஜைக்காக அவர் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார். என் கணக்கு ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரும் அதில் சேர்த்திதான். நான் பதறிக்கொண்டு வந்து நின்றேன்.

"ராவும் பகலும் ஓடிக்கினே கீது, பாவம். ஒரு நாளு சும்மா இருக்கட்டுமேன்னுதான் கண்ணு" என்றார்.

கத்துவதற்காக வாயைத் திறந்தேன். அவர் பொரியை நீட்டினார். வாங்கித் தின்றுவிட்டேன்.

மறுபடி முதலிலிருந்து தொடங்க அவகாசம் இல்லை. எங்கள் கல்லூரியிலேயே நடக்கவிருந்த கணக்கீட்டு வேதியியல், நானோ தொழில்நுட்ப மாநாட்டில் கட்டுரை ஏற்கப்பட்டால்தான் என்னால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். பாதியில் நின்ற வரைபடத்தோடு மேடை ஏறினேன்.

"இந்தக் கோடு ஏன் இங்கேயே நிக்குது?" என்று கேட்டார் அமர்வுக்குத் தலைமை வகித்த வெளியூர்ப் பேராசிரியர்.

முன்வரிசையில் கல்லூரி முதல்வர். கதவருகே டீ ஃபிளாஸ்க்குடன் அக்கா. உண்மையைச் சொன்னால் அவர் வேலை போய்விடும்.

"கரண்ட் கட் சார்."

"நம்ம காலேஜ்லயா? யூ.பி.எஸ். என்ன ஆச்சு?" என்று முதல்வர் நிமிர்ந்தார். அமர்வுத் தலைவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

"கரண்டெல்லாம் போவல சார்" என்றது கதவருகிலிருந்து ஒரு குரல். "பூஜைக்கு நான்தான் ஆஃப் பண்ணேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

அரங்கமே சிரித்தது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது தான்தான் என்று முதல்வர் முணுமுணுத்தார். தலைவரும் சிரித்துவிட்டு, நின்றுபோன கணக்கை முடித்து ஆய்வேட்டில் சேர்த்துவிடச் சொல்லி என் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்.

இடைவேளையில் அக்காவின் கையைப் பிடித்தேன். "ஏன்க்கா சொன்னீங்க? வேலை போயிருந்தா?"

அவர் டீ ஊற்றுவதை நிறுத்தவில்லை. "எனுக்கு இன்னா கண்ணு, கும்மிடிப்பூண்டில எதுனா ஒரு கம்பெனில பெருக்கப் பூடுவேன். நீ இத்தினி வருசம் படிச்சத எந்தக் கம்பெனில போயி வாங்குவ?"

அத்தனை பேராசிரியர்களும் பார்க்க, அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.