கட்டைபறிச்சானில் பெயர் எழுதும் சனிக்கிழமை

சுற்றுலாக் கையேடுகளில் இல்லாத இடங்களுக்குப் பேருந்தில் போய்வந்து எழுதுவதுதான் இந்த வலைப்பூவின் வேலை. புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு அறிமுகம்: நான் வவுனியாவில் ஒரு தபால் கந்தோரில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறில்தான் ஊர் சுற்ற முடியும். சொந்த வாகனம் இல்லை, இருந்தாலும் ஓட்டத் தெரியாது. ஆகவே இங்கே உள்ளவை எல்லாம் ஒரு கைப்பையோடு கிளம்பிவிடக்கூடிய பயணங்கள்.

இந்த முறை போனது ஜெசிந்தா கூப்பிட்டதால். நாங்கள் இருவரும் திருகோணமலையில் ஒரே கந்தோரில் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து முத்திரை குத்தியவர்கள். முழங்கால் நோவு தாங்காமல் முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டாள். இப்போது உப்புவெளி வீட்டில் இரண்டு அறைகளை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டு, அவர்களுக்குப் பிட்டும் மீன் சொதியும் குழைத்துத் தின்னப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். மாரி முடிந்து மாசி பிறந்ததும் ஒருநாள் தொலைபேசியில் வந்தாள். "இந்த முறை மதிலடிக்கு நீயும் வாவன். எனக்குத் துணை வேணும்" என்றாள். அவள் வாயால் துணை வேண்டும் என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

மதில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரைத் தாண்டி, கட்டைபறிச்சானில் ஒரு வெள்ளை மதில் இருக்கிறது. ஆட்சியில் இருந்தவர்களுக்குப் பிடிக்காமல் போனதால் கொல்லப்பட்டவர்களுக்கும், கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்களுக்குமாக, குடாவைச் சுற்றியுள்ள ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. ஜெசிந்தாவின் கணவர் அன்ரனின் பெயரும் அதில் உண்டு. அன்ரன் பிறந்தது அந்த ஊரில், வேலை செய்தது துறைமுகத்தில். தொழிற்சங்கச் செயலாளராக இருந்து, கூட்டங்களில் வாயை அடக்காமல் கதைத்தவர். நானும் ஜெசிந்தாவும் பழகுவதற்கு முன்பே, ஒருநாள் சீருடை இல்லாத நான்கு பேர் வீட்டுக்கு வந்து, ஒரு சின்ன விசாரணை, ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடுவோம் என்று கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அந்த மதிலில் பெயர்கள் இரண்டு விதம். இறந்தது உறுதியானவர்களின் பெயர்கள் சீமெந்தில் வெட்டப்பட்டிருக்கும். இன்னும் காத்திருக்கும் குடும்பங்கள் வெட்ட விடுவதில்லை, தூரிகையால் எழுதுவார்கள். மாரி மழையும் கடற்காற்றும் அதை அழித்துவிடும். மழை முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை எல்லோருமாக வந்து திரும்ப எழுதுவார்கள்.

"ஒரு நல்ல தூரிகை வாங்கிக்கொண்டு வா" என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். நான் ஒரு வேலை சொன்னால் இரண்டு வேலை செய்கிற பிறவி. வெள்ளி பின்னேரம் கடைக்குப் போய், தூரிகையோடு, இருந்ததிலேயே திறமான கறுப்பு எனாமல் பெயின்ற் ஒரு ரின்னும் வாங்கினேன். விலை 1,850 ரூபாய். பத்து வருடத்துக்கு ஒன்றும் செய்யாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனி காலை 5.20க்கு வவுனியாவில் பேருந்து. கிட்டத்தட்ட 95 கிலோமீற்றர், கட்டணம் 410 ரூபாய், திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தது 8.10க்கு. இடப்பக்க யன்னல் இருக்கையைப் பிடிக்காதீர்கள், காலை வெயில் கண்ணுக்குள் குத்தும். பேருந்து நிலையத்தில் ஜெசிந்தா இரண்டு அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு புள்ளிமானோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். திருகோணமலை மான்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவற்றுக்கு வெட்கம் என்பதே கிடையாது. நான் பையைத் திறந்த அரை நிமிடத்தில் என் காலைச் சாப்பாட்டு வாழைப்பழங்கள் இரண்டும் போய்விட்டன.

8.45க்கு மூதூர் பேருந்து, 170 ரூபாய். முன்பு இந்தப் பக்கம் வருவதென்றால் துறைக்குத் துறை இறங்கி, பாதை என்று சொல்லும் மிதவையில் வாகனத்தோடு வாகனமாக மிதந்து கடக்கவேண்டும். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது மட்டும் கதையை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பாருங்கள், அவ்வளவு தண்ணீர். அங்கேதான் ஜெசிந்தா விசயத்தைச் சொன்னாள். பழைய மதிலில் வெடிப்பு விழுந்துவிட்டதாம். வெளிநாட்டில் உள்ள ஊர்க்காரர்கள் காசு சேர்த்துக் கருங்கல் அனுப்பியிருக்கிறார்கள். புதுக் கல்லில் எல்லாப் பெயர்களையும் வெட்டிவிடலாம் என்று மதில் குழு கேட்கிறது. வெட்டுவதா இல்லையா என்று அவள் இன்றைக்குச் சொல்லவேண்டும்.

"நீ என்ன சொல்லப்போறாய்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா உன்னை ஏன் கூப்பிடுறன்" என்றாள்.

மூதூரில் இறங்கியபோது சரியாகப் பத்து மணி. அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர்தான், ஓட்டோவில் போகவேண்டும். ஓட்டோக்காரர் எங்கள் தூரிகையைப் பார்த்துவிட்டார்.

"பேர் எழுதவா போறீங்க? அப்ப அறுநூறு தாங்க. சும்மா பாக்கப் போறவங்களுக்கு எழுநூறு."

இப்படியொரு விலைக்கழிவு எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

மதிலடியில் சோகமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு முதல்நாள் மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் அடுப்பில் இறால், ஒரு பக்கம் சுவர் தேய்க்கிறார்கள், பிள்ளைகள் வாளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். மூதூரிலிருந்து வந்த றகுமத் என்ற பெண்மணி ஏணியில் நின்று தன் தம்பியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அப்படியொரு கையெழுத்து. அவரும் ஜெசிந்தாவும் வருடாவருடம் இங்கேதான் சந்திக்கிறார்கள்.

நான் என் ரின்னை எடுத்து வெளியே வைத்தேன். பத்து வருடம் மங்காது என்று சொல்லியும் விட்டேன். ஒரு கணம் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பிறகு றகுமத் ஏணியில் நின்றபடியே சிரிக்கத் தொடங்கினார்.

"பத்து வருசத்துக்கு மங்காட்டி நாங்க என்னத்துக்கு இங்க வாற?"

விசயம் இதுதான்: அவர்கள் வேண்டுமென்றேதான் மலிவான தண்ணீர்ப் பெயின்ற் பாவிக்கிறார்கள். மங்கவேண்டும், மங்கினால்தான் வருவார்கள். பதினொரு வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்கு இது தெரியாமல் போனது வெட்கமாகத்தான் இருந்தது. என் ரின்னை வீணாக்காமல் யாரோ தங்கள் வீட்டுக் கேற்றுக்கு அடிக்க எடுத்துப் போனார்கள். இப்போது கட்டைபறிச்சானிலேயே பளபளப்பான கேற் அதுதான்.

பதினொரு மணிபோல மோட்டார் சைக்கிளில் புலனாய்வுத்துறைக்காரர் இரண்டு பேர் வந்து, வந்திருப்பவர்களின் பெயர்களைக் கொப்பியில் குறித்தார்கள். ஒவ்வொரு வருடமும் வருவார்களாம். ஜெசிந்தா தன் முழுப்பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு, "என்ர மனிசன்ர பேரையும் எழுதுங்கோ, உங்கட கொப்பியிலயும் ஒருக்கா இருக்கட்டும்" என்றாள். இளையவர் மற்றவரைப் பார்த்தார். எழுதினாரோ தெரியாது, ஆனால் இருவரும் பிட்டும் இறாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கல் வெட்டுகிறவர் கிண்ணியாக்காரர், நிசார். கருங்கல்லை மர நிழலில் படுக்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குள் எத்தனை பெயர் என்று தெரிந்தால்தான் வரி பிரிக்க முடியும் என்றார். மதில் குழுச் செயலாளர் யோகன் நெல் விதைக்கிற ஒரு கமக்காரர். வெட்டிய பெயர்களில் அவருடைய தகப்பனாரும் இருக்கிறார். அவர் ஜெசிந்தாவைக் கட்டாயப்படுத்தவில்லை. மதிலின் கீழ் மூலைக்குக் கூட்டிப் போய் ஒரு இடத்தைக் காட்டினார், அவ்வளவுதான். அங்கே ஏதோ ஒரு பெயரின் சாயல் மட்டும் கிடந்தது.

"அக்கா, இதுக்கு எழுத ஒரு தாய் மனிசி வாறவ. அவ செத்து நாலு வருசம். இப்ப இது ஆர்ட பேர் எண்டு எங்களில ஒருத்தருக்கும் வடிவாத் தெரியேல்ல. உங்களுக்கும் பிள்ளையள் இல்லை. கால் ஏலாமப் போனா அன்ரன் அண்ணேன்ர பேரும் இப்பிடித்தான் போகும்."

யோகன் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது, யாரைக் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை. றகுமத் இறங்கி வந்து, "நான் இருக்கிற மட்டும் ஒங்கட ஆளையும் எழுதுவன்" என்றார். "நீங்கள் என்னைவிட ஆறு வயசு மூப்பு" என்று ஜெசிந்தா சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம். கடலோரக் களப்பில் பிடித்த அந்த இறால், பிட்டு, ஜெசிந்தாவின் மீன் பொரியல், கடைசியில் மூதூர் எருமைத் தயிர், மேலே இனிப்புப் பாணி. நான் மூன்று தரம் வாங்கினேன். தயிர் என்றால் உயிரை விடுகிற ஜெசிந்தா கோப்பையைத் தொடாமல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டரைக்கு எழும்பி நிசாரிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

"வெட்டாதேங்கோ" என்றாள். "கல்லில வெட்டினா நான் வீட்டில இருந்திடுவன். எனக்கு என்னைத் தெரியும். பிறகு அவரைத் தேடி ஆர் வாறது?"

நிசார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கல்லைத் தடவிப் பார்த்தார். "மினுக்கின கல்லுல பெயின்ற் பிடிக்காது. கீழால ஒரு முழம் மினுக்காம, சொரசொரப்பா உட்டுத் தாறன். எழுதுற ஆக்கள் எழுதிக்கிட்டு இருங்க" என்றார். அவ்வளவு பெரிய விசயத்தை இவ்வளவு சாதாரணமாக முடித்துவிட்டார் என்று அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது.

புதுக் கல் நிமிர இன்னும் மாதங்கள் ஆகும். அதுவரைக்கும் பழைய மதிலில் எழுதத்தானே வேண்டும். ஜெசிந்தா தூரிகையைத் தோய்த்தாள். நான் நிழலைப் பார்த்து ஒதுங்கினேன். அவள் அதை என் கையில் வைத்துவிட்டாள்.

"எனக்கு எழுத்து வராது" என்றேன்.

"நீ பதினொரு வருசம் பதிவேடு எழுதினனி. எழுது."

முதல் எழுத்தின் வால் பக்கத்துப் பெயருக்குள் போய்விட்டது. றகுமத் ஈரத் துணியால் துடைத்துவிட்டார். நான் ஒரு தரம்கூடக் கண்டிராத மனிதரின் பெயரை எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. முடிந்ததும் எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஜெசிந்தா சற்றுத் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, "மனிசன் குடிச்சுப்போட்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு போய் மிச்சமிருந்த தயிரில் ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டாள்.

நாலேகாலுக்கு மூதூரில் பேருந்து எடுத்து, இரவு உப்புவெளியில் தங்கி, ஞாயிறு மத்தியானம் வீடு வந்தேன். போகவர, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. பெயின்ற் கணக்கில் இல்லை, அது என் புத்திக்குக் கட்டிய பணம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். மாசி, பங்குனி நல்ல காலம், அதற்குப் பிறகு வெயில் மண்டையைப் பிளக்கும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். மூதூரிலிருந்து திரும்பும் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்குமுன் அந்தக் குடும்பத்தைக் கேளுங்கள், பெயர்களின் படத்துக்கும் அதுதான் முறை. எந்த நாளிலும் மதிலைப் பார்க்கலாம், வாசல் பூட்டுவதில்லை.

இன்னும் ஒன்று. அடுத்த வருடம் போகிறவர்கள் புதுக் கல்லைத்தான் காண்பீர்கள். அதன் கீழ்ப்பக்கம், மினுக்காமல் விட்ட பட்டையில், இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக அன்ரன் என்று இருக்கும். மாரி முடிந்தும் அது மங்கியே கிடந்தால், எங்கள் இருவராலும் வர ஏலாமல் போய்விட்டது என்று அர்த்தம். மதிலுக்கு எதிர்வீட்டில் கேட்டால் பெயின்றும் தூரிகையும் தருவார்கள். எழுத்து வடிவாக இருக்கவேண்டும் என்பதில்லை. எழுதிவிட்டுப் போங்கள்.